மாப்பிள்ளை பகுதியை விசாரித்தல்

ஜனவரி 8, ஞாயிறு

மைதிலி இன்று அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பெயர் எத்தியென். வீடுகளுக்கு மின்சார வேலை செய்கிறவனாம். சரியான உயரம், எங்கள் கதவு நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வந்தான். சப்பாத்தைக் கழற்றிப் பனியைத் தட்டி, தன்னுடையதையும் என் மகளுடையதையும் ஓரமாக அடுக்கி வைத்தான். இறால் குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட்டான். உறைப்பில் காது இரண்டும் சிவந்துவிட்டன. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினான். நடிக்கிறானோ என்று உற்றுப் பார்த்தேன். இல்லை, பசிதான்.

அவன் போன பிறகு மைதிலி வந்து பக்கத்தில் இருந்தாள்.

“எப்பிடி அம்மா?”

“பொடியன் பரவாயில்லை. ஆனால் ஆர் ஆக்கள்?”

“ஆர் ஆக்களெண்டால்?”

“தாய் தேப்பன் ஆர், எந்த இடம், என்ன மாதிரிச் சனம்? ஒண்டும் தெரியாமல் பொம்பிளை குடுக்கிறதே?”

“அம்மா, அவன் கியூபெக்காரன். அவைக்கு அப்பிடியெல்லாம் இல்லை.”

“ஏன், அவையெல்லாம் வானத்திலை இருந்தோ விழுந்தவை?”

கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். போகட்டும். எனக்குக் கலியாணப் பேச்சு வந்தபோது, என் ஐயா சைக்கிளில் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், சந்தித் தேநீர்க் கடையில் அரை நாள் குந்தியிருந்து விசாரித்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். இவளுக்கு அப்படிப் போக யார் இருக்கிறார்கள்? இவர், மைதிலியின் அப்பா, கண்ணை மூடி ஆறு வருடமாகிறது. நான்தான் போகவேண்டும்.

ஜனவரி 11, புதன்

உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் நின்றுவிட்டது. எத்தியென் வேலை முடிந்து வந்து திருத்திக் கொடுத்தான். இதற்காக விசாரணையைக் கைவிட முடியாது.

ஜனவரி 15, ஞாயிறு. பொங்கல்

பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகி, புகை மணி வீடே அதிர அலறியது. மைதிலி துவாயை வீசி வீசி அதை அடக்கினாள். மேல்வீட்டு வியட்நாம்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தேன்.

மத்தியானம் என் அண்ணை ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“வெள்ளைக்காரப் பொடியனோ? காலம் மாறிப்போச்சு, மலர். நல்லவனெண்டால் செய்து வை.”

“விசாரிக்காமலோ அண்ணை?”

அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

“நீ அவையை விசாரிச்சால் அவையும் உன்னை விசாரிப்பினம். அதை யோசிச்சனியோ?”

“விசாரிக்கட்டும். எங்களிட்டை என்ன இருக்கு?”

“பிள்ளை பக்கத்திலை நிக்கிறாளோ?”

“குளிக்கிறாள்.”

“இவ்வளவு காலமும் நான் வாய் திறக்கேல்லை. இனியும் திறக்கமாட்டன். நீயாய்ப் போய்க் கிண்டாதை, அவ்வளவுதான் சொல்லுவன்.”

அண்ணை சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. ஓணானைக் கண்டாலும் வேலி பாய்ந்து ஓடுவார். போனை வைத்துவிட்டு வடைக்கு உழுந்து அரைத்தேன்.

ஜனவரி 21, சனி

மெட்ரோவில் வெர்டனுக்குப் போனேன். எத்தியெனின் தகப்பன் ரெஜான் தனியாக இருக்கிறார். மனைவி பிரிந்துபோய்க் கனகாலம். மாநகரசபையில் பனி அள்ளும் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அடுப்பில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சில்தான் பேசினோம். பிள்ளைகள் காப்பகத்தில் இத்தனை வருடம் சமைத்தவளுக்கு அது கஷ்டமா? அவர் சொன்னதை இங்கே என் நாக்கில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். “நீங்கள் ஆர் ஆக்கள்?”

அந்த மனிதரின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். என் மனுசனின் பெயரைச் சுருக்கி என்னை மதாம் தவா என்கிறார்.

“மதாம் தவா, பத்து வருசமாய் இதைத் தேடிக்கொண்டு திரியிறன். என்ர மகன் ஒருநாளாவது கேட்டதில்லை. நீங்கள்தான் முதல் ஆள்!”

சாப்பாட்டு மேசை முழுக்க ஒட்டுப்போட்ட கடதாசியில் வம்ச மரம். சூப் கோப்பை வைக்க இடமில்லை. இவர்களுடைய முதல் ஆள் ஆயிரத்து அறுநூற்று அறுபத்தைந்தில் கப்பலில் வந்த பிரெஞ்சுப் படைவீரனாம். அவனுக்கு வாய்த்த பெண், பிரான்ஸ் அரசன் சீதனம் கொடுத்துக் கப்பலேற்றி அனுப்பிய பெண்களில் ஒருத்தி. குடியேற்றத்தில் பெண்கள் இல்லாதபடியால் அரசனே தகப்பன் இடத்தில் நின்று கரைசேர்த்திருக்கிறான். வந்த பெண்கள், கேட்டு வந்த ஆண்களிடம் முதலில் விசாரித்தது, “உனக்கு வீடு இருக்கா?” என்றுதானாம். கெட்டிக்காரிகள். இந்தச் சனத்தின் மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது.

தகப்பன் வழி மேசையின் விளிம்புவரை போகிறது. பிறப்பு, கலியாணம், சாவு என்று கோயில் பாதிரிமார் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றப் பக்கம் வெறும் வெள்ளைக் கடதாசி.

“இது?”

“அது அம்மா வழி. அது பிறகு. சூப் ஆறுது.”

ஜனவரி 26, வியாழன்

பிடித்துவிட்டேன்! பெரிய நூலகத்தில் ஒரு பிள்ளை கணினியில் பழைய கோயில் பதிவுகளைப் பார்க்கக் காட்டித் தந்தது. ரெஜானின் பூட்டனாருடைய கலியாணத்தை எடுத்தேன். ஊர் சரி, பெண்ணின் பெயர் சரி, ஆண்டும் சரி. ஆனால் மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் வெர்னுவா! இவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது சான்சூசி. என்னத்தைச் செய்துவிட்டு ஓடி ஒளிந்து பெயரை மாற்றினார்களோ?

மருந்துக்கடையில் வேலையாக நின்ற மைதிலிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “அம்மா, முன்னாலை பத்துச் சனம் நிக்குது” என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 28, சனி

பொலிஸ்காரி மாதிரிப் போய் நின்றேன். கையோடு கொண்டுபோன பிரதியை மேசையில் வைத்து, “இதுக்கு என்ன சொல்லுறியள்?” என்றேன்.

ரெஜான் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த தேநீர் மூக்கால் வந்தது. அந்தக் காலத்தில் இவர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர் இருந்ததாம். படையில் சேர்ந்தவனுக்குப் படைக்குள் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். சான்சூசி என்றால் கவலையில்லாதவன்; இன்னும் பூக்காரன், நல்ல மனசுக்காரன், இப்படி. அது பிள்ளைகளுக்கும் தொடரும். “வெர்னுவா எனப்படும் சான்சூசி” என்றுதான் முதல் பதிவில் இருக்கிறது. பிறகு அண்ணன் வீட்டார் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, தம்பி வீட்டார் மற்றதைப் பிடித்துக்கொண்டார்கள். புதிதாகத் தேடுகிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதானாம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? முத்துவேலர் வீடு எது என்று கேட்டால் தபால்காரனே முழிப்பான். பட்டப்பெயரைச் சொல்லி, கொட்டைப்பாக்கர் வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவான். கொட்டைப்பாக்கர் கதையைச் சொன்னேன். ரெஜான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சிரித்தார். மைதிலியின் அப்பா போன பிறகு ஒரு ஆளோடு இப்படிச் சிரித்தது இன்றைக்குத்தான்.

பெப்ரவரி 4, சனி

விசாரணை முடிந்துவிட்டது, குறை ஒன்றுமில்லை என்று மைதிலியிடம் சொன்னேன். பிறகு ஏன் திரும்பவும் வெர்டனுக்கு என்று கேட்டாள். அந்த மனிதருக்குச் சம்பல் இடிக்கக் காட்டுவதாகச் சொன்னபடியால் என்றேன். அவள் சிரித்துக்கொண்டு என் கழுத்துச் சால்வையைச் சரிசெய்து விட்டாள்.

பெப்ரவரி 11, சனி

இன்றைக்குப் போயிருக்கக்கூடாது.

ரெஜான் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பற்றிச் சொன்னார். அவருடைய அம்மா மரி-ரோஸ் யாரோ பெற்றுக் கன்னியாஸ்திரிகள் மடத்தில் விட்டுப்போன பிள்ளை. ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் தெரியாது என்று எழுதியிருக்கிறது. வளர்த்தவர்கள் நல்லவர்கள்தான். என்றாலும் பஸ்ஸில், சந்தையில், கோயிலில், தன்னைவிட மூத்த பெண்களைக் கண்டால் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

“சின்னனிலை எனக்கு விளங்கேல்லை. அம்மா ஏன் எல்லாரையும் முழுசிப் பாக்கிறா எண்டு வெக்கமாயிருக்கும்.”

வயதுபோன பிறகும் அந்தப் பார்வை மாறவில்லையாம். கடைசியில் ரெஜான் தன் எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பி, டிஎன்ஏ பொருத்தம் பார்த்து, தாய்க்கு ஒரு தங்கை இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஒரு ஊரில், உயிரோடு, தாயின் அதே மூக்கோடு. ஆனால் அதற்கு முந்தின குளிர்காலத்திலேயே மரி-ரோஸ் இறந்துவிட்டார்.

“ஆரோ ஒராளுக்குத் தெரிஞ்சிருக்கும், மதாம் தவா. பக்கத்திலை இருந்த ஆரோ ஒராளுக்கு. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவ தேடியிருப்பா. அதைத்தான் என்னாலை மன்னிக்க ஏலாமல் கிடக்கு.”

நான் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மைதிலியைப் பற்றிக் கேட்டார். எந்த ஊரில் பிறந்தவள், யாருடைய கண், யாருடைய நெற்றி என்று. பெரிய மழைக் காலத்தில் வந்தவள் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்துபோய் இரண்டு பெட்டி கொண்டுவந்தார். கலியாணத்துக்கு இரண்டு பகுதியின் மரத்தையும் ஒன்றாக வரைந்து பரிசாகக் கொடுக்கப்போகிறாராம். எங்கள் பதிவுகள் போரில் போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் எனக்கொரு குழாய், மைதிலிக்கொரு குழாய்.

பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

பெப்ரவரி 12, ஞாயிறு

அரிசிமா வாளிக்குள் இரண்டு பெட்டியையும் புதைத்து வைத்தேன். மைதிலி மா வாளியைத் திறக்கிற ஆளில்லை.

பெப்ரவரி 16, வியாழன்

“அம்மா, ரெஜான் எனக்கு ஒரு பெட்டி தந்துவிட்டவராம்?”

“மெட்ரோவிலை விட்டிட்டன் போலை.”

“பரவாயில்லை. வேறை எடுத்துத் தருவார்.”

தருவார். அந்த மனிதர் தராமல் விடமாட்டார்.

பெப்ரவரி 18, சனி. சிவராத்திரி

விரதம் என்று சொல்லி வெர்டனுக்குப் போகவில்லை. அண்ணைக்குப் போன் பண்ணினேன்.

“நான் அப்பவே சொன்னனான்” என்றார்.

“இப்ப என்ன செய்யிறது, அதைச் சொல்லுங்கோ.”

“கலியாணத்தைக் குழப்பு. இல்லாட்டி உண்மையைச் சொல்லு. மூண்டாவது வழி எனக்குத் தெரியேல்லை.”

பெப்ரவரி 19, ஞாயிறு

காலையில் மைதிலி தோசை சுட்டுத் தந்தாள். ஆவணியில் கலியாணம் வைக்கலாமா என்று கேட்டாள். நான் சொன்னதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

“இந்தச் சம்பந்தம் சரிவராது. ரெஜானுடைய தாய் ஆர் பெத்ததெண்டே தெரியாது. மடத்திலை விட்டுப்போன பிள்ளை. வழி தெரியாத சனத்துக்கு நான் என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன்.”

மைதிலி தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்தக் குழந்தை என்னம்மா பிழை செய்தது?”

நான் தட்டிலிருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

“விட்டிட்டுப் போனது அதின்ர பிழையோ? நீங்களோ இப்பிடிக் கதைக்கிறியள்? ரோட்டிலை நிக்கிற பூனைக்கும் சோறு வைக்கிற நீங்களோ?”

அழுதுகொண்டு வெளியே போனாள். தோசை சட்டியிலேயே கருகியது.

பெப்ரவரி 21, செவ்வாய்

பேசவில்லை. மேசையில் என் பிரஷர் குளிசையை மட்டும் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள்.

பெப்ரவரி 23, வியாழன்

ரெஜான் போன் பண்ணினார். தாயைப் பற்றி நான் சொன்னதைக் கேட்கப்போகிறார் என்று எண்ணிக்கொண்டே எடுத்தேன்.

“மதாம் தவா, விரதம் முடிஞ்சுதோ? சனிக்கிழமை வாங்கோ. தேங்காய் வாங்கி வைச்சிருக்கிறன், சம்பல் நான் இடிக்கிறன், நீங்கள் பிழை சொல்லுங்கோ.”

அவருக்கு ஒன்றும் தெரியாது. எத்தியெனுக்கும் தெரியாது. அவருடைய அம்மாவைப் பற்றி நான் சொன்னதை மைதிலி அவர்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் மேல் அவ்வளவு கோபத்தோடும் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். குளியலறைக்குள் போய் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெப்ரவரி 25, சனி

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி வெயில் குசினிக்குள் விழுந்துகொண்டிருந்தது. மைதிலியை எதிரில் இருக்கச் சொன்னேன். இருந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மழையில் தொடங்கினேன்.

தொண்ணூற்றைந்தில், ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்ட அந்த ஐப்பசி மழை. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு அடி வைக்க ஒரு யுகம். இவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால். என் பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நடந்தாள். என்னைவிட இளமை. அவளுடைய மூத்த பொடியன் கை நழுவிக் கூட்டத்துக்குள் போய்விட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, ஒருக்காப் பிடியுங்கோ. பொடியனைப் பாத்துக்கொண்டு ஓடியாறன்.”

“போட்டு வாங்கோ. நான் இதிலைதான் நிப்பன்.”

பெயர் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. பின்னால் வந்த சனம் தள்ளியது. நின்றோம், தள்ளியது, திரும்பவும் நின்றோம். வெடிச்சத்தம் கேட்டது. பிறகு நிற்க முடியவில்லை. சாவகச்சேரியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கேட்டோம். கோயில் ஒலிபெருக்கியில் சொல்லுவித்தோம். வன்னியிலும் கேட்டோம். யாரும் வரவில்லை. கலியாணமாகிக் கனகாலமாகப் பிள்ளையில்லாமல் இருந்தவர்கள் நாங்கள். சாமி தந்த பிள்ளை என்று இவர் சொல்லுவார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. தந்தது சாமியில்லை, ஒரு மனுசி. அதுவும் கொஞ்ச நேரத்துக்கென்று தந்தவள். கனடாவுக்கு வரும்போது எங்கள் பிள்ளை என்று பதிந்தோம். அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டோம்.

மைதிலி எல்லாவற்றையும் கேட்டாள். “உடுப்பு?” என்று ஒரு சொல் மட்டும் கேட்டாள்.

“மஞ்சள் சட்டை. ஈரத் துவாயாலை சுத்தியிருந்தது. நீ அழேல்லை. என்ர தாலிக்கொடியைப் பிடிச்சுக்கொண்டு நித்திரையாய்ப் போனனி.”

எழுந்தாள். பையில் இரண்டு உடுப்பை வைத்தாள். எத்தியென் வீட்டில் நிற்கப்போவதாகச் சொன்னாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பலமாக அடித்துச் சாத்தியிருக்கலாம்.

பெப்ரவரி 26, ஞாயிறு

போன் இல்லை.

பெப்ரவரி 28, செவ்வாய்

குளிசையை நானே எடுத்துப் போட்டேன். போன் இல்லை.

மார்ச் 2, வியாழன்

ரெஜானிடம் நானே போனேன். அவர் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன், அவருடைய தாயைப் பற்றி நான் சொன்ன வார்த்தை உட்பட. அவர் வம்ச மரக் கடதாசியின் வெள்ளைப் பக்கத்தைக் கையால் நீவினார்.

“அந்தச் சொல் எனக்கு நோகுது” என்றார்.

“நோகத்தான் வேணும்.”

“ஆனால் நீங்கள் அவளுக்குச் சொல்லிப்போட்டியள். என்ர அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

சம்பல் இடிக்கவில்லை. மெட்ரோவரைக்கும் கூட நடந்து வந்தார்.

மார்ச் 5, ஞாயிறு

மத்தியானம் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மைதிலி. கண் வீங்கியிருந்தது. எத்தியென் கீழே காருக்குள் இருக்கிறானாம், இது நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவேண்டியது என்று தானே நின்றுவிட்டானாம். விவரமான பொடியன். வாயால் கேட்காமலே அவனுக்கு நான் சம்மதம் கொடுத்துவிட்டேன்.

கை வழக்கத்தில் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

“வேண்டாம். எச்சில் எடுக்க முதல் ஒண்டும் குடிக்கக்கூடாதாம். பெட்டி உண்மையிலை துலைஞ்சுதோ?”

“மா வாளிக்குள்ளை கிடக்கு.”

தோண்டி எடுத்து, ஒன்றின் மேல் இருந்த மாவை ஊதித் தட்டினாள். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா, அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு மேசையில் எனக்கு எதிரில் இருந்தாள்.

“நான் தேடினால் உங்களுக்குக் கோவமோ?”

“கோவமில்லை. பயம்.”

“என்ன பயம்?”

“அந்த மனிசி வந்து நிண்டால், ‘இந்தாங்கோ’ எண்டு நான் உன்னைக் குடுக்கோணும். இதிலைதான் நிப்பன் எண்டு சொன்னனான். நிக்கேல்லை.”

“நான் என்ன கைக்குழந்தையோ அம்மா, தூக்கிக் குடுக்க?”

அம்மா என்றாள். அதுவரைக்கும் சொல்லவில்லை. நான் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குழாயைத் திறந்து வாயருகே பிடித்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. ஒரு கிழமையாக அழுத வாய், காய்ந்து கிடந்தது. நாக்கைச் சுழற்றினாள், கன்னத்தைத் தேய்த்தாள். கோடுவரை நிரம்பவேண்டுமாம், அடியே நனையவில்லை. “வருகுதில்லை” என்று குழாயைக் கீழே வைக்கப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இன்றைக்கு இந்த வேலை நடந்திருக்காது.

“வன்னியிலை நாங்கள் இருந்த கொட்டிலுக்குப் பக்கத்திலை ஒரு புளியமரம் நிண்டது” என்றேன். “காய் பிஞ்சாய் இருக்கேக்கை பிடுங்கி, தோலைச் சுரண்டி, கல்லுப்பிலை தேச்சு, செத்தல் மிளகாய்த் தூளிலை தொட்டுத் தருவன். உனக்கு மூண்டு வயசு. ஒரு கடி கடிச்சவுடனை ஒரு கண்ணை இறுக்கி மூடுவாய். தோள் ரெண்டும் காது மட்டும் ஏறும். உடம்பெல்லாம் நடுங்கும். பிறகு கையை நீட்டி, ‘இன்னும்’ எண்டுவாய்.”

மைதிலியின் ஒரு கண் தானாகச் சுருங்கியது. குழாயைத் திரும்பவும் வாய்க்குக் கொண்டுபோனாள்.

“இன்னும் சொல்லுங்கோ” என்றாள்.

சொன்னேன். புளியங்காயின் பச்சை மணத்தைச் சொன்னேன், பல் கூசுவதைச் சொன்னேன், விரல் இடுக்கில் வழிந்த உப்புத் தண்ணீரை அவள் நக்கியதைச் சொன்னேன். அவள் துப்பிக்கொண்டேயிருந்தாள். நுரை கோட்டுக்கு ஏறியது.

“போதும் அம்மா, காணும்.”

மூடியை இறுக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். என் வாயும் ஊறி நிறைந்திருந்தது. விழுங்கிக்கொண்டு, கீழே நிற்கிறவனையும் சேர்த்து மூன்று பேருக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.